ஆடாத ஃபைனல்

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
5 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி ராஜப்பாவுக்கு அண்ணன் ஜெயகரன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் மகள் பியூலா வீட்டாரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் மகள் வின்னியும் பிள்ளைகளும் பெர்த் வெயிலைத் தாங்குகிறார்களா?

கடிதமா என்று சிரிக்காதே. போனில் நீ பேசுவது எனக்குக் கேட்பதில்லை. முப்பத்தைந்து வருடம் மைன்ஸ் வொர்க்‌ஷாப்பில் சம்மட்டிச் சத்தம் கேட்ட காது. நீ ஐந்து நிமிடம் பேசினால் பியூலா வாங்கிக்கொண்டு, "சித்தப்பா நல்லா கீறாராம்ப்பா" என்று ஒரே வரியில் கத்துகிறாள். மீதி எங்கே போகிறதோ. எழுதினால் முழுதும் வந்து சேரும்.

விஷயம் இதுதான். மரியகுப்பம் லாய்ட் பையன் தெரியுமல்லவா, பெங்களூரில் வீடு கட்டிக்கொண்டு அங்கிருந்தபடியே நம் ஊரை நினைத்து உருகுகிறவன். பையன் என்கிறேன், அவனுக்கே ஐம்பது ஆகிறது. நம் பழைய மைன்ஸ் கிளப், அந்த இன்ஸ்டிட்யூட் ஸ்டோரில் உடைந்த கேரம் போர்டுகளுக்கு அடியில் டென்னிஸ் சாம்பியன் பலகையைக் கண்டுபிடித்திருக்கிறான். 1966, ஆண்கள் சிங்கிள்ஸ், ஆர். ராஜப்பா. பக்கத்தில் சின்ன எழுத்தில் வாக்-ஓவர், எதிராளி ஆடாமலே வெற்றி என்று. பலகையில் இருக்கிற பெயர்களில் உயிரோடு இருப்பது நீ ஒருவன்தானாம். அந்த ஃபைனல் நாளான டிசம்பர் 28 அன்றே விழா வைத்து உனக்குச் சால்வை போடப் போகிறார்கள். சால்வையை என் கையால் போட வேண்டுமாம், எதிர் ஆட்டக்காரன் நான்தானே. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே இருமலும் வந்தது.

"ஏன் அங்கிள் நீங்க ஆடலே, காய்ச்சலா?" என்று கேட்டான். சொன்னேன். பதினேழு வயதில் நான் அந்தக் கோர்ட்டுக்கு மார்க்கர். கோர்ட்டை உருட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, ஆள் குறைந்தால் துரைமார்களோடு ஆடி, மாதச் சம்பளம் வாங்கினேன். ஆட்டத்துக்குக் காசு வாங்கினவன் அமெச்சூர் இல்லை. அமெச்சூர் இல்லாதவனுக்குப் போட்டியில் இடம் இல்லை. நான் வொர்க்‌ஷாப்புக்கு மாறி நான்கு வருடம் ஆன பிறகும் அந்தச் சம்பளம் என்னை விடவில்லை. ஃபைனலுக்கு முதல் நாள் நிறுத்திவிட்டார்கள். "இன்னா அங்கிள் அநியாயம், இப்பல்லாம் காசு குடுத்தாதானே ஆடறானுங்க" என்கிறான். இரண்டு வருடம் கழித்து அந்தச் சட்டத்தையே உலகம் தூக்கிப் போட்டுவிட்டது. எனக்கு இரண்டு வருடம் லேட்.

அதனால் ஒரு யோசனை. நாம் ஆடாத அந்த ஃபைனலைக் கடிதத்தில் ஆடுவோமா? முழு ஆட்டம் ஆட ஆயுசு போதாது. ஒரே ஒரு பாயிண்ட். கடிதத்துக்கு ஒரு அடி. சர்வ் என்னுடையது, மூத்தவன் அல்லவா. போட்டுவிட்டேன், உன் பேக்ஹேண்டுக்கு. எடு பார்க்கலாம்.

வின்னிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம்.
ஜெயகரன்


பெர்த்
9 மார்ச் 2024

மதிப்புக்குரிய அண்ணனுக்கு, ராஜப்பாவின் வணக்கம். கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்து இன்னும் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறது. என்னுடையதுதான் நடுங்குகிறது. வலது முழங்காலை மாற்றிய பிறகு இடது முழங்கால் தன்னையும் மாற்றச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்கிறது. மற்றபடி சுகம். உங்கள் நெஞ்சுச் சளிக்கு வெந்நீர் மட்டும் குடியுங்கள். தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து தூசி பறக்கிற மாதங்களில் ஜன்னலைத் திறக்க வேண்டாம்.

ஜனவரியில் இங்கே மெல்போர்ன் ஃபைனலை டி.வி.யில் பார்த்தேன். ஜெயித்தவனுக்குக் கொடுத்த தொகையைச் சொன்னார்கள். அணைத்துவிட்டேன்.

சால்வையெல்லாம் எதற்கு அண்ணா? லாய்ட் தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஃபைனலையும் விட்டுவிடலாம். என் அப்பா சுரங்க ஷாஃப்ட்டில் செத்துப்போன பிறகு, பெரியம்மா உங்களுக்கும் எனக்கும் ஒரே தட்டில் சோறு போட்டாரே, அதைப் பற்றி எழுதுங்கள். படிக்க ஆசையாக இருக்கும்.

உங்கள் சர்வ் எனக்கு எட்டவில்லை. பாயிண்ட் உங்களுக்கே.

பியூலாவுக்கு அன்பு.
தம்பி ராஜப்பா


கோரமண்டல்
30 மார்ச் 2024

தம்பிக்கு ஈஸ்டர் வாழ்த்து. இங்கே எல்லாரும் சுகம். வெயில்தான் மார்ச்சிலேயே மண்டையைப் பிளக்கிறது. இன்று காலை பியூலா ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் கறிக்கு நின்று வெறும் கையோடு வந்தாள், அவ்வளவு கூட்டமாம்.

உன் ஆட்டம் செல்லாது. நீ ஓடவே இல்லையே, பிறகு எப்படி எட்டும்? எட்டாத மாதிரி நான் போடவும் இல்லை. எட்டு வருடம் உனக்கு எதிரில் நின்றவன் நான். நீ எந்தப் பந்துக்கு ஓடுவாய், எதற்கு ஓடுகிற மாதிரி பாவனை செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? சும்மா விட்டுக் கொடுக்கிற வேலை என்னிடம் வேண்டாம். திரும்பப் போடுகிறேன். இந்தத் தடவை எடு.

நம் சட்டம் ஞாபகம் இருக்கிறதல்லவா? இன்ஸ்டிட்யூட்டில் அம்பயர் நாற்காலி துரைமார் ஆட்டத்துக்கு மட்டும். நமக்கு அம்பயர் கிடையாது. அவனவன் பக்கம் விழுந்த பந்துக்கு அவனவன்தான் தீர்ப்பு. கோட்டில் பட்டுச் சுண்ணாம்பு கிளம்பினால் உள்ளே, கிளம்பாவிட்டால் வெளியே. அதில் பொய் சொல்கிறவனோடு அடுத்த நாள் யாரும் ஆட மாட்டார்கள்.

ஒன்று கேட்கட்டுமா? நான் மார்க்கராக இருந்தது கமிட்டிக்கு எப்படித் தெரிந்தது? என்னை வேலைக்கு வைத்த துரை ஊருக்குப் போய்விட்டான். புது செகரட்டரி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எண்பது தாண்டிவிட்டது, இந்த ஒன்று மட்டும் முள் மாதிரி நிற்கிறது. உனக்கு ஏதாவது தெரியுமா?

பதில் போடு. ஈஸ்டர் சந்தோஷம் உன் வீட்டில் நிறையட்டும்.
ஜெயகரன்


பெர்த்
17 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. கை மரத்துப் போகிறது. உங்கள் உடம்பு எப்படி என்று பியூலாவிடம் போனில் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததாகச் சொன்னாள். நீங்கள் எழுதவே இல்லையே.

லாய்ட் தம்பி அழைப்பிதழ் அனுப்பிவிட்டார். என் பெயரைத் தங்க எழுத்தில் போட்டிருக்கிறார். வின்னி அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, என்னைக் கேட்காமலே டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். பேரப்பிள்ளைகள் என்னை "சாம்பியன் தாத்தா" என்று கூப்பிடுகிறார்கள். நிறுத்தச் சொன்னால் இன்னும் அதிகமாகக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் சர்வை எடுத்துவிட்டேன். நீளமாக, உங்கள் இடது மூலைக்கு.

நீங்கள் கேட்டதற்கு என்ன சொல்வது? ஐம்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு தெரிந்து என்ன ஆகப்போகிறது அண்ணா?

இன்ஸ்டிட்யூட்டில் டீ கொண்டுவருவாரே மரியகுழந்தை அண்ணன், அவர் இருக்கிறாரா? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
ராஜப்பா


கோரமண்டல்
10 ஜூலை 2024

தம்பிக்கு ஆசீர்வாதம். ஆஸ்பத்திரி சமாசாரம் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் நந்திதுர்க் ரத்தினம்மா வீட்டுக்காரர். இரண்டு பேரும் யார் இருமல் பெரியது என்று போட்டி போட்டோம். நான் தோற்றேன்.

மரியகுழந்தை போய் நான்கு வருடம் ஆகிறது. அவன் அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். அத்தனை வருடம் கழித்து ஒரு டீக்காரனை நீ தேடுகிறாயே, சும்மாவா?

சரி, ஆட்டத்துக்கு வருவோம். உன் பந்து நல்ல பந்து. ஓடித்தான் எடுத்தேன். கடிதத்தில் எனக்கு இருபத்து மூன்று வயது, மூச்சு வாங்கவில்லை. கோட்டை ஒட்டி நேராக அடித்தேன். உன் பக்கம் விழுந்திருக்கிறது. உள்ளேயா வெளியேயா, நீதான் சொல்ல வேண்டும். அவசரம் இல்லை. டிசம்பர் 28 வரைக்கும் நேரம் இருக்கிறது.

வின்னிக்கு என் அன்பு. குழந்தைகளைத் திட்டாதே.
ஜெயகரன்


பெர்த்
2 செப்டம்பர் 2024

அண்ணா,

உள்ளே. கோட்டின் மேலேயே விழுந்தது. சுண்ணாம்பு எழுந்ததை நான் பார்த்தேன்.

செகரட்டரியிடம் போய்ச் சொன்னது நான்தான்.

இந்த வரியை எழுத ஆறு தாள் கிழித்தேன். இனி மீதியையும் சொல்லிவிடுகிறேன். போட்டி ஃபாரத்தை உங்களுக்கு நான்தானே நிரப்பினேன்? உங்களுக்கு இங்கிலீஷ் பேச வரும், படிக்க வராது. நான் டைம் ஆபீஸ் கிளார்க். ஆறாவது கேள்வி, ஆட்டத்துக்கு எப்போதாவது சம்பளம் வாங்கியது உண்டா என்று. நீங்கள் எட்டிப் பார்த்து, "இன்னாடா கேக்கறான்?" என்றீர்கள். "உடம்புல ஏதாச்சும் நோய் கீதான்னு கேக்கறான்" என்றேன். "நோயி இன்னா நோயி, இல்லன்னு போடு" என்று சிரித்தீர்கள். நோ என்று எழுதினேன். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். அந்தப் பொய் உங்களுக்காகத்தான் அண்ணா. உண்மையை எழுதினால் உங்களை ஆட விடமாட்டார்கள், உங்களிடம் கேட்டால் நீங்கள் உண்மையைத்தான் எழுதச் சொல்வீர்கள்.

பிறகு நாம் இரண்டு பேருமே ஃபைனலுக்கு வந்துவிட்டோம். மெட்ராஸ் பேங்க் ஒன்றிலிருந்து ஆள் பார்க்க வந்திருந்தார், ஜெயிக்கிறவனுக்கு அவர்கள் டீமில் வேலை. அன்று முழுக்க என் மனதில் ஓடியது ஒன்றுதான். எட்டு வருடத்தில் உங்களிடம் நான் ஒரு செட்கூட எடுத்ததில்லை. அப்பா செத்த அதே ஷாஃப்ட்டைப் பார்த்துக்கொண்டே ஊரில் கிழவனாக வேண்டுமா என்று பயந்தேன். 27 காலையில் செகரட்டரியிடம் போய், எங்கள் அண்ணன் மார்க்கராக இருந்தவர் என்றேன். ஃபாரத்தை நிரப்பியது நான் என்று சொல்லவில்லை. மரியகுழந்தை அண்ணன் டீ வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வேலையில்தான் வீடு, கல்யாணம், வின்னியின் படிப்பு, இந்த ஊர், எல்லாம். இந்த வீட்டின் கதவைத் திறக்கும்போதெல்லாம் இது உங்கள் வீடு என்று தோன்றும்.

நான் விழாவுக்கு வரவில்லை. லாய்டுக்கு எழுதிவிடுகிறேன். உங்கள் கையால் சால்வை வாங்குகிற முகம் எனக்கு இல்லை. மன்னியுங்கள் என்று கேட்கவும் வாய் வரவில்லை.

ராஜப்பா


கோரமண்டல்
20 நவம்பர் 2024

ராஜப்பா,

நான் சுகம். நீயும் சுகமாக இருப்பாய். உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. தினமும் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். பியூலா, "சித்தப்பாக்கு ஏம்ப்பா எழுதலே, சண்டையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது பொய்.

எனக்குத் தெரியும். அன்றைக்கே பாதி தெரியும். கமிட்டி ரூமில் ஐந்து பேர் உட்கார்ந்து அந்த ஃபாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி, இதற்கு ஏன் நோ என்று போட்டாய் என்று கேட்டார்கள். "எனக்கு நோய் ஒண்ணும் இல்லீங்க சார்" என்றேன். ஐந்து பேரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்த பிறகுதான், நீ எனக்குப் படித்துக் காட்டியது வேறு என்று புரிந்தது. நீ நிரப்பினாய் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன் கிளார்க் வேலையும் போயிருக்கும். பொய்க் கையெழுத்துப் போட்டவன் என்று நோட்டீஸ் ஒட்டி, கோர்ட் பக்கம் வரக்கூடாது என்றார்கள். அம்மா அந்த நோட்டீஸ் முன்னால் நின்று, "எங்க ஜெயா பேரு போட்டுக்கிறாங்களே, இன்னா போட்டுக்கிறாங்க?" என்று போகிற வருகிறவர்களிடம் சந்தோஷமாகக் கேட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துவிட்டார். மீதியை மரியகுழந்தை இரண்டு வாரம் கழித்துச் சொன்னான். அப்போது நீ மெட்ராஸ் ரயில் ஏறிவிட்டாய்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். பொய்யில் ஏற்கெனவே ஒரு தடவை கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கோபம் இருக்கிறது. ஆனால் கோப்பைக்காக இல்லை, வேலைக்காகவும் இல்லை. பேங்கில் உட்கார்ந்து நோட்டு எண்ண நான் லாயக்கு இல்லை.

28 சாயங்காலம் பந்து பொறுக்குகிற பையன் ரோனியிடம் உனக்குச் சொல்லி அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா? "கப்பு போனா போவுது, வாடா, சும்மா ஆடலாம்." எல்லாரும் பரிசு விழாவில் இருந்தார்கள், கோர்ட்டில் யாரும் இல்லை. தடையை மீறித்தான் உள்ளே போனேன். நான்கு மணியிலிருந்து நெட் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை காத்திருந்தேன். நீ வந்து ஆடியிருந்தால் எல்லாம் அன்றோடு தீர்ந்திருக்கும் தம்பி. நீ தோற்றிருந்தாலும் சரி, ஜெயித்திருந்தாலும் சரி. வரவில்லை. அன்றைக்கு மட்டுமா? கல்யாணத்துக்கு வந்தாய், சாவுக்கு வந்தாய், ராக்கெட்டை மட்டும் தொடவே இல்லை. இப்போதும் வரவில்லை என்கிறாய். எனக்கு இன்னொரு வாக்-ஓவர் வேண்டாம்.

காகிதத்தில் ஜெயித்த பாயிண்ட்டையும் கணக்கில் வைக்க மாட்டேன். விழாவும் வேண்டாம், சால்வையும் வேண்டாம். 28ஆம் தேதி நான்கு மணிக்குக் கோர்ட்டுக்கு வா. ஒரு பாயிண்ட்.

ஜெயகரன்


பெர்த்
6 டிசம்பர் 2024

அண்ணனுக்கு வணக்கம். தபால் 28க்குள் வந்து சேராது என்பதால் வின்னி இதைப் படம் பிடித்து பியூலாவின் போனுக்கு அனுப்புகிறாள். டாக்டர் வேண்டாம் என்றார். வருகிறேன். மாத்திரைகளைத் தனிப் பையில் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நான் வந்தேன் அண்ணா. பரிசு விழா முடிந்ததும், ராக்கெட்டோடு, வேலிக்கு இந்தப் பக்கம் வரைக்கும். நீங்கள் தனியாக சர்வ் போட்டுக்கொண்டிருந்தீர்கள். இருந்த நான்கு பந்தையும் போடுவீர்கள், அந்தப் பக்கம் நடந்துபோய்ப் பொறுக்குவீர்கள், திரும்ப வந்து போடுவீர்கள். கொஞ்ச நேரம் பார்த்தேன். உள்ளே வரவில்லை. திரும்பிப் போய்விட்டேன்.

இந்தத் தடவை வேலியைத் தாண்டுவேன்.
ராஜப்பா


பெர்த்
14 ஜனவரி 2025

என் அன்பு அண்ணனுக்கு, பத்திரமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் வீங்கியிருக்கிறது. வின்னி திட்டுகிறாள், எனக்கு அது காதில் விழவே இல்லை. உங்களுக்கு அதன் பிறகு மூச்சு எப்படி இருக்கிறது?

கண்ணை மூடினால் கோர்ட்டுதான் வருகிறது. முள்ளை வெட்டிச் சுத்தம் செய்து, காலையிலேயே நீங்களே உட்கார்ந்து உட்கார்ந்து சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தீர்களாமே, பியூலா அழுதுகொண்டே சொன்னாள். நெட்டுக்குப் பதில் அவளுடைய கொடிக்கயிறு, அதன் மேல் பழைய போர்வை. வொர்க்‌ஷாப்பில் நீங்கள் செய்த, மட்டை வளையாமல் இறுக்கிப் பிடிக்கிற அந்த மரப் பிரஸ்ஸிலிருந்து ராக்கெட்டைத் திருகிக் கழற்றினீர்கள். அறுபது வருட ராக்கெட், கொஞ்சமும் வளையவில்லை. உங்கள் கை மேலே போகாது என்று நினைத்தேன். போனது. பந்து கயிற்றைத் தாண்டி என் பேக்ஹேண்டுக்கு வந்தது. நான் ராக்கெட்டை எடுப்பதற்குள் என்னைத் தாண்டிப் போய்விட்டது.

"நல்ல பந்து, உள்ளே" என்று நான் சத்தமாகச் சொன்னபோது நீங்கள் ஒன்றும் பேசவில்லை. இருமிக்கொண்டே ராக்கெட்டைப் பிரஸ்ஸில் மாட்டினீர்கள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் அண்ணா. லாய்டிடம் எல்லாவற்றையும் சொல்லி, பலகையில் என் பெயரை அழித்து உங்கள் பெயரை எழுதச் சொல்லிவிட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்குகிறேன்.

பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கரும்பு கொடுத்தார்களா? உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.
தம்பி ராஜப்பா


கோரமண்டல்
3 பிப்ரவரி 2025

தம்பி ராஜப்பாவுக்கு அண்ணனின் ஆசீர்வாதம். கரும்பு வந்தது. பல் இல்லாதவனுக்குக் கரும்பு கொடுப்பது புண்ணியமா என்று தெரியவில்லை. மூச்சு அப்படியேதான். இப்போது சிலிண்டரை வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். பியூலா அதற்குப் பூப்போட்ட உறை தைத்திருக்கிறாள்.

லாய்ட் பெயின்டரோடு வந்தான். என் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆடாத ஆட்டத்துக்கு யார் பெயரும் வேண்டாம். உன் பெயரை அழித்துவிட்டு அந்த வருடத்தைக் காலியாக விடச் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. "காலியா உட்டா நல்லாருக்காது அங்கிள்" என்றான். நன்றாக இருக்காதுதான்.

நீ தூங்குகிறாய் என்று எழுதியது சந்தோஷம். நான் தூங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். அந்தப் பந்து வெளியே.

ஒரு சாண் வெளியே விழுந்தது. எனக்குக் காதுதான் போயிற்று, கண் போகவில்லை. அந்தக் கோட்டைப் போட்டவன் நான். மூன்று தடவை உட்கார்ந்து மூச்சு வாங்கிப் போட்ட கோடு, அதிலிருந்து சுண்ணாம்பு ஒரு துளிகூடக் கிளம்பவில்லை. நீயும் பார்த்தாய். பார்த்துவிட்டுத்தான் உள்ளே என்றாய். பாவம் கிழவன், இதையாவது கொடுத்துவிடுவோம் என்று நினைத்தாய். நான் பேசாமல் ராக்கெட்டை எடுத்து வைத்தது சந்தோஷத்தில் இல்லை தம்பி. உன்னை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக வண்டி வாசலில் நின்றது. வழியனுப்பும்போது சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு உண்மையைச் சொல்லி என்னை ஜெயித்தாய். இன்றைக்குப் பொய்யைச் சொல்லி என்னிடம் தோற்றாய். என்னோடு ஆடத்தான் இல்லை நீ. மன்னிப்பு வேண்டும் என்றால் எடுத்துக்கொள், அதை நீ கடிதம் எழுதிய அன்றே கொடுத்துவிட்டேன். பாயிண்ட்டை மட்டும் இப்படிக் கொடுக்காதே. நான் வாங்கமாட்டேன்.

சுண்ணாம்பு இன்னும் அரை மூட்டை மீதி இருக்கிறது. முள் முளைக்காமல் பார்த்துக்கொள்ள பியூலாவிடம் சொல்லியிருக்கிறேன். முழங்கால் வீக்கம் வற்றியதும் டாக்டரைக் கேட்டு எழுது. சீக்கிரம் எழுது, என் பக்கம் நேரம் குறைவு.

முதல் சர்வ் தானே வெளியே போனது? ஒரு பாயிண்ட்டுக்கு இரண்டு சர்வ், எனக்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. வா.

அண்ணன்
ஜெயகரன்